அரை நாள்தான் கையில் இருக்கிறது: பொம்பேயியா, ஹெர்குலேனியமா, ஓஸ்தியாவா?

இத்தாலிக்கு ஏழெட்டு நாள் போகிறவர்களின் திட்டத்தில் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் எல்லாம் இடம் பிடித்தபின், பழைய ரோமானிய நகரம் ஒன்றை நடந்து பார்க்க மிஞ்சுவது ஒரு காலை அல்லது ஒரு பிற்பகல். அந்த நேரத்தில் பொம்பேயிக்குப் போவதா, பக்கத்திலேயே இருக்கும் ஹெர்குலேனியத்துக்கா, ரோமை ஒட்டியிருக்கும் ஓஸ்தியா ஆந்திகாவுக்கா என்று குழப்பம் வருகிறது. அது தீர்ந்தால் அடுத்த கேள்வி: கைடு வேண்டுமா, ஆடியோ கைடு போதுமா, பேசாமல் பேருந்துச் சுற்றுலாவில் சேர்ந்துவிடலாமா?

பலரும் எது பெரியது, எது பேர்பெற்றது என்று பார்த்து ஊரை முடிவு செய்துவிட்டு, பிறகு நேரத்தை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். அரை நாள் பயணத்தில் முதலில் பார்க்க வேண்டியது வேறு: அன்று காலை நீங்கள் எந்த ஊரில் கண்விழிக்கிறீர்கள்? ரோமில் என்றால் ஒரு பதில், நேப்பிள்ஸிலோ சொரெண்டோவிலோ என்றால் இன்னொரு பதில்.

## எதையெல்லாம் எடை போட வேண்டும்

வாசலுக்குப் போய்ச் சேரும் நேரம். அறையிலிருந்து கிளம்பியது முதல் டிக்கெட் காட்டி உள்ளே நுழையும் வரை. ரயில் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

மூன்று மணி நேரத்தில் எவ்வளவு பார்க்க முடியும். சில இடங்களை அரை நாளில் முழுசாகப் பார்த்துவிடலாம். சில இடங்களில் ஒரு கீற்றுதான் கிடைக்கும். இரண்டும் சரிதான், ஆனால் எது கிடைக்கப்போகிறது என்று தெரிந்து போக வேண்டும்.

விளக்குவதற்கு ஆள் இல்லாமல் புரியுமா. கூரையும் மாடியும் மிஞ்சிய வீடு தானே பேசும். முழங்கால் உயரச் சுவர் பேசாது.

வெயிலும் காலும். பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் இதுவே முதல் அளவுகோல்.

மொத்தச் செலவு. நுழைவுக் கட்டணம் அதில் ஒரு பகுதிதான்.

## ஒரே பார்வையில்

| | பொம்பேயி | ஹெர்குலேனியம் | ஓஸ்தியா ஆந்திகா |
|---|---|---|---|
| எங்கிருந்து அரை நாளில் முடியும் | நேப்பிள்ஸ், சொரெண்டோ | நேப்பிள்ஸ், சொரெண்டோ | ரோம் |
| ரயில் நேரம் | நேப்பிள்ஸிலிருந்து சுமார் 40 நிமிடம் | நேப்பிள்ஸிலிருந்து சுமார் 20 நிமிடம் | ரோமிலிருந்து சுமார் 30 நிமிடம் |
| நிலையத்திலிருந்து நடை | 2–3 நிமிடம் | இறக்கத்தில் 10 நிமிடம் | 5–10 நிமிடம் |
| பரப்பு | 66 ஹெக்டேர். மூன்றில் இரண்டு பங்கு தோண்டப்பட்டது | திறந்தவெளியில் தெரிவது 4–5 ஹெக்டேர் | மிகப் பெரியது. முதன்மைத் தெருவே ஒரு கி.மீ.க்கு மேல் |
| நுழைவு (2025 நிலவரம்) | 18 யூரோ. புறநகர் மாளிகைகளோடு 22 | 16 யூரோ | 18 யூரோ |
| அரை நாளில் | ஒரு பகுதி மட்டும் | முழுவதும் | முக்கியமான பாதி |
| நிழல் | கிட்டத்தட்ட இல்லை | வீடுகளுக்குள் உண்டு | பைன் மரங்கள் உண்டு |
| கைடு | மிக அவசியம் | இருந்தால் நல்லது | அவசியம் |

கட்டணம் கூடிக்கொண்டே போகிறது. போகும் வாரத்தில் அந்தந்தத் தொல்லியல் பூங்காவின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## பொம்பேயி

கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பேயி மீது முதலில் விழுந்தது நுரைக்கல் மழை. மணிக்கணக்காக விழுந்த கல்லின் எடை தாங்காமல் கூரைகள் சரிந்தன. மறுநாள் எரிசாம்பலும் வாயுவும் கலந்த வெள்ளம் வந்து மீதியை முடித்தது. அதனால்தான் இங்கே தெருவும் சுவரும் ஓவியமும் இருக்கின்றன, மாடிகள் அநேகமாக இல்லை. இந்தப் பேரழிவு ஆகஸ்ட் 24ல் நடந்ததாகவே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2018ல் ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த கரிக்கோட்டு எழுத்து அக்டோபர் மாதத்தைக் காட்டுவதால், இலையுதிர் காலம் என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது. உங்கள் கைடு ஆகஸ்ட் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால், அவர் பாடத்தைப் புதுப்பித்து நாளாகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வேறெங்கும் கிடைக்காதது இந்த ஊரின் அளவு. கடைத்தெரு, நீதிமன்றம், கோயில், குளியல் கூடம், நாடக அரங்கு, விபச்சார விடுதி, 20,000 பேர் அமரக்கூடிய வட்டரங்கு என ஒரு நகரம் நகரமாகவே கிடக்கிறது. தெருவில் ஓரிடத்தில் நின்று கீழே பாருங்கள். கருங்கல் பாளங்களில் இரண்டு கோடுகளாக வண்டிச் சக்கரம் அரைத்த பள்ளம். அதன் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு வரிசையாக மூன்று கற்கள். தெருவில் தண்ணீரும் சாக்கடையும் ஓடும்போது கால் நனையாமல் கடக்க வைத்தவை. கற்களுக்கு நடுவே விட்ட இடைவெளியும் சக்கரப் பள்ளமும் சரியாகப் பொருந்துகின்றன. வண்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருந்திருந்தால்தான் இது முடியும். இதைக் காட்டிக்கொடுக்க ஒருவர் இல்லாவிட்டால், நூறு பேரில் தொண்ணூறு பேர் அந்தக் கற்களின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அளவுதான் சிக்கலும். மேற்கு வாசலான போர்த்தா மரீனாவிலிருந்து கிழக்குக் கோடியில் உள்ள வட்டரங்குக்கு எங்கும் நிற்காமல் நடந்தாலே இருபது நிமிடத்துக்கு மேல். மூன்று மணி நேரத்தில் முழுவதையும் பார்க்க நினைத்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள். சரியாக அமையும் வழி இது:

1. போர்த்தா மரீனா வழியாக நுழைந்து பசிலிக்கா என்ற நீதிமன்றக் கூடம், பிறகு ஊரின் மையமான ஃபோரம் சதுக்கம். எதிரே வெசூவியஸ் தெரியும். இங்கேயே பானைகளும், உடல் மட்கிப்போன குழியில் சாந்து ஊற்றி எடுத்த மனித உடல் வார்ப்புகளும் அடுக்கிய பழைய தானியக் களஞ்சியம். (30–40 நிமிடம்)
2. ஃபோரம் குளியல் கூடம். கூரை மிஞ்சிய அரிய கட்டடங்களில் ஒன்று. வெந்நீர் அறையின் கூரையில் வரிவரியாக ஓடும் அலங்காரம், குளிர்ந்த நீர்த்துளி தலையில் சொட்டாமல் சுவரோரம் வழிந்திறங்கச் செய்தது. (15 நிமிடம்)
3. ஃபான் மாளிகை. தரையில் இருக்கும் அலெக்சாந்தர் மொசைக் நகல். மூலம் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். (15 நிமிடம்)
4. வெட்டி சகோதரர்களின் மாளிகை. நீண்ட சீரமைப்புக்குப் பின் 2023 ஜனவரியில் மறுபடி திறந்தது. ஓவியத்துக்காக ஒரே ஒரு வீடு பார்ப்பதென்றால் இதுதான். (25 நிமிடம், வரிசை சேர்த்து)
5. தெற்கே இறங்கும் வழியில் ஒரு ரொட்டிக் கடை: எரிமலைக் கல்லில் செதுக்கிய திரிகைகள், பக்கத்தில் அடுப்பு. (10 நிமிடம்)
6. ஸ்டாபியக் குளியல் கூடம், அபொந்தான்சா தெரு, இரண்டு நாடக அரங்குகள். (45 நிமிடம்)

மிச்சமிருக்கும் அரை மணியில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். வட்டரங்கும், 13 பேரின் உடல் வார்ப்புகள் விழுந்த நிலையிலேயே இருக்கும் தப்பியோடியவர்கள் தோட்டமும் கிழக்குக் கோடியில் இருக்கின்றன. அங்கே போனால் அந்தப் பக்க வாசலிலேயே வெளியேறிவிடுங்கள், திரும்பி நடக்காதீர்கள். இரண்டு மணி நேரக் குழுச் சுற்றுலா எதுவும் அநேகமாக அந்தப் பக்கம் போகாது.

லுப்பனார் எனப்படும் விபச்சார விடுதியில் வரிசை இருபது நிமிடம் பிடிக்கும். உள்ளே இருப்பது சின்னச் சின்ன அறைகளும் கல் கட்டில்களும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அரை நாள்காரர்கள் வரிசை இல்லாவிட்டால் மட்டும் எட்டிப் பாருங்கள். புகழ்பெற்ற மிஸ்டரீஸ் மாளிகைக்கு ஊருக்கு வெளியே போய்வர வேண்டும். அதற்காகப் புறநகர் மாளிகைகளும் சேர்ந்த டிக்கெட் எடுத்துவிட்டு நேரமில்லாமல் திரும்புகிறவர்கள் ஏராளம். அரை நாளுக்குச் சாதாரண டிக்கெட்டே போதும்.

எங்கே சறுக்கும்? 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி, டிக்கெட்டில் பெயர் அச்சாகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். தந்தை பெயரை இனிஷியலாக எழுதிப் பழகியவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கோடை மாதங்களில் காலை நேரத்துக்கு 15,000, பிற்பகலுக்கு 5,000 என்று பிரித்திருப்பதால் பிற்பகல் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துபோகும். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். 30×30×15 செ.மீ.க்கு மேலான பை உள்ளே போகாது. வாசலில் இலவசமாக வைத்துக்கொள்வார்கள், ஆனால் வைத்த வாசலுக்கே நீங்கள் திரும்பி வந்தாக வேண்டும். கிழக்கு வாசலில் வெளியேறும் திட்டம் அதோடு போச்சு.

வீடுகள் முறைவைத்து மூடப்படுகின்றன. அன்று காலை எது திறந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வழியை மாற்றுவது நல்ல கைடின் முதல் வேலை.

ரயில் நிலையத்திலும் ஒரு பொறி உண்டு. போர்த்தா மரீனா அருகே நிற்பது சிர்க்கும்வெசுவியானா தடத்தின் ‘பொம்பேயி ஸ்காவி’ நிலையம். அரசு ரயிலின் ‘பொம்பேயி’ நிலையம் புது ஊருக்குள், மறுகோடியில் இருக்கிறது. அதில் இறங்கினால் கிழக்கு வாசலுக்கு நடந்து போய் மேலே சொன்ன வழியைத் தலைகீழாகப் பிடியுங்கள்.

பொம்பேயி யாருக்கு? வாழ்நாளில் ஒரே ஒருமுறை வருகிறோம், பொம்பேயி பார்க்கவில்லை என்று பிறகு மனம் அரிக்கும் என்பவர்களுக்கு. நகரம் என்ற ஒன்று எப்படி இயங்கியது என்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு. மூன்று மணி நேரம் மேடுபள்ளக் கல்லில் நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு. ஜூலை, ஆகஸ்ட் நடுப்பகலில் மட்டும் யாருக்குமே வேண்டாம்.

## ஹெர்குலேனியம்

நேப்பிள்ஸில் தங்கி, அரை நாள் மட்டும் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுதான். பெயர் பெரிதாகக் கேள்விப்படாததால் கை நழுவிப்போகும் ஊர்.

அதே வெடிப்புதான், அழிந்த விதம் வேறு. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் அலையலையாகப் பாய்ந்து ஊரை 15–20 மீட்டருக்குமேல் மூடி, பாறையாக இறுகிவிட்டன. காற்றுப் புகாததால் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி அப்படியே நின்றது. பொம்பேயியில் மரம் இருந்த இடத்தில் ஓட்டைதான் தெரியும். இங்கே மரமே இருக்கிறது. மரத் தட்டி வீடு என்று பெயர் வைத்த வீட்டில், வரவேற்புக் கூடத்தையும் உள்ளறையையும் பிரிக்கும் மடக்குக் கதவு கன்னங்கரேலென்று நிற்கிறது. விளக்கு மாட்டும் வெண்கலக் கொக்கிகூட இருக்கிறது. மாடிக்குப் போகும் படி, தெருவுக்கு மேல் நீட்டிய பால்கனி, விட்டத்தின் நுனி, கடையில் ஜாடி அடுக்கிய மர அலமாரி இவற்றையெல்லாம் பார்த்துவிட்டால், ரோமானியர் என்றாலே பளிங்குத் தூண் என்ற எண்ணம் போய்விடும். மச்சும் பரணும் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர் சட்டென்று பிடிபடும்.

நுழைந்ததும் சாய்தளத்தில் நடக்கும்போதே முழு ஊரும் பள்ளத்துக்குள் கீழே தெரியும். அவசரப்பட்டு இறங்காமல் இங்கே ஐந்து நிமிடம் நின்று தெருக்களை அடையாளம் பிடித்துக்கொண்டால் உள்ளே வழி தப்பாது. எதிரே பாறைச் சுவரின் மேல் இன்றைய எர்கொலானோ ஊர்க்காரர்கள் துணி காயப்போட்டிருப்பார்கள்; பழைய ஊரின் பெரும்பகுதி அவர்கள் வீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஃபோரமும் பெரும்பாலும் அப்படியே புதைந்து கிடக்கிறது.

அடுத்துக் கடற்கரை. வெடிப்புக்குப் பிறகு கடல் பின்னால் போய்விட்டது. அன்றைய கரையில் இருந்த படகுக் கொட்டில்களில் தஞ்சம் புகுந்த சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980 முதல் வெளிப்பட்டன. இப்போது வளைவுகளுக்குள் தெரிபவை அவற்றின் நகல்கள். பழைய கடற்கரை சீரமைக்கப்பட்டு 2024 ஜூனில் திறக்கப்பட்டதால் இப்போது மணலில் நின்று நேராகப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள், இங்கே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போவது நல்லது.

பிறகு மேலேறி நெப்டியூன்–ஆம்ஃபித்ரிட்டே வீட்டின் கண்ணாடி மொசைக், பக்கத்துக் கடை, பேரரசர் வழிபாட்டுக் குழுவினரின் அகஸ்தாலெஸ் மண்டபம், மான் வீடு, பெண்கள் குளியலறை. எல்லாம் சேர்ந்து இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். அரை நாளில் முழுவதையும் பார்த்த நிறைவு மூன்று ஊர்களில் இங்கே மட்டும்தான் கிடைக்கும்.

எங்கே சறுக்கும்? வட்டரங்கு இல்லை, பெரிய சதுக்கம் இல்லை. பழைய நாடக அரங்கு பூமிக்கடியில் இருக்கிறது, எல்லா நாளும் பார்க்க முடியாது. பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்த மாளிகை வழக்கமான டிக்கெட்டில் சேராது. ரயிலில் ‘எர்கொலானோ ஸ்காவி’யில் இறங்க வேண்டும், ‘எர்கொலானோ’ என்று தொடங்கும் இன்னொரு நிலையமும் அதே தடத்தில் உண்டு. வரும்போது பத்து நிமிட இறக்கம், திரும்பும்போது அதே பத்து நிமிடம் ஏற்றம். முழங்கால் வலிக்காரர்கள் திரும்பும் வழிக்குத் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெர்குலேனியம் யாருக்கு? பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் வருகிறவர்கள், கோடையில் வருகிறவர்கள், பிற்பகல் மட்டும் கிடைத்தவர்கள், கூட்டம் ஆகாதவர்கள். கைடு வைக்க வசதியில்லாதவர்களுக்கும் இதுவே.

## ஓஸ்தியா ஆந்திகா

ரோமில் தங்கியிருப்பவர்களுக்கு அரை நாள் என்றால் இது மட்டும்தான். ரோமிலிருந்து பொம்பேயிக்கு அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ் வந்து, மாறி, வாசலை அடைய இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். போக வர ஐந்து. அது முழு நாள் வேலை.

ரோமின் துறைமுக நகரம் இது. எரிமலை எதுவும் தீண்டவில்லை. வணிகம் நலிந்து, ஆறு வண்டல் கொட்டி, மக்கள் மெல்ல மெல்ல விட்டுப்போன ஊர். கடல் இப்போது மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. திடீர் மரணம் இல்லாததால் வீட்டுச் சாமான் எதுவும் மிஞ்சவில்லை, பளிங்கையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவை செங்கல். ஆனால் என்ன செங்கல்! சாமானிய ரோமானியர் வாடகைக்குக் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடங்கள், கீழே கடை மேலே வீடு என்று வரிசையாக நிற்கின்றன. பொம்பேயி ஒரு மாகாண ஊர், கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோம் நகரத்தின் அன்றாடம் எப்படியிருந்தது என்பதற்கு ஓஸ்தியாதான் சாட்சி.

மூன்று மணி நேர வழி: நெப்டியூன் குளியல் கூடத்தின் மாடத்தில் ஏறிக் கீழே மொசைக், நாடக அரங்கு, அதன் பின்னால் வணிகர் சதுக்கம், டயானா தெருவில் மாவு அரைத்த ஆலை, கல் மேடையும் சுவர் ஓவியமும் இருக்கும் உணவுக் கடை, ஃபோரம், பொதுக் கழிப்பறை, அருங்காட்சியகம். அதற்கப்பால் கடல் வாசல், யூதர் தொழுகைக் கூடம் வரை போக இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும்.

வணிகர் சதுக்கத்தில் மெதுவாக நடங்கள். சுற்றிலும் சுமார் 60 சிறு அலுவலகங்கள்; ஒவ்வொன்றின் முன்னும் தரையில் கறுப்பு வெள்ளை மொசைக்கில் விளம்பரம். வட ஆப்பிரிக்காவின் சப்ராத்தா ஊர்க்காரர்கள் யானை போட்டிருக்கிறார்கள். கப்பல், கலங்கரை விளக்கம், தானிய மரக்கால், மீன் என்று படமே பெயர்ப்பலகை. கைடு இல்லாமல் இந்த இடம் வெறும் புல்வெளி. விளக்க ஆள் இருந்தால் கடல் வணிகத்தின் தொலைபேசிப் புத்தகம்.

எங்கே சறுக்கும்? திங்கள்கிழமை விடுமுறை. ரோமுக்கு வந்தவர்களின் ‘காலி நாள்’ பல நேரம் திங்களாகவே அமைந்து இது கெட்டுப்போகிறது. பிரமிதே மெட்ரோவை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோ நிலையத்திலிருந்து ரயில். நகரப் பேருந்துக்கு எடுக்கும் 1.50 யூரோ டிக்கெட்டே செல்லும். ரயில் தாமதம் இந்தத் தடத்தில் சகஜம். ‘ஓஸ்தியா ஆந்திகா’ தாண்டினால் ‘லிதோ’ என்று வரும் நிலையங்கள் கடற்கரைக்கானவை. கோடை மாலையில் கொசு அதிகம். விளக்கப் பலகைகள் குறைவு, கிளைத் தெருக்கள் அதிகம். வரைபடம் இல்லாமல் போனால் நல்ல இடங்கள் எல்லாம் பத்தடி தள்ளித் தப்பிப்போகும்.

ஓஸ்தியா யாருக்கு? ரோமை விட்டு நகர முடியாதவர்களுக்கு. கூட்டமில்லாமல் மரநிழலில் உலாவ நினைப்பவர்களுக்கு. செலவு குறைய வேண்டும் என்பவர்களுக்கும். உடல் வார்ப்பு, வண்ண ஓவியம் இரண்டும்தான் வேண்டும் என்றால் இங்கே வராதீர்கள்.

## யாரோடு போவது?

வாசலில் சேரும் குழு. பொம்பேயியில் தலைக்கு 15–25 யூரோ, இரண்டு மணி நேரம். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் இதில் சேராது. சேருமா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். குழு சேரும் வரை காக்கவைப்பது, காதில் மாட்டும் கருவிக்குத் தனிக் காசு ஆகியவை மறைமுகச் செலவுகள். முப்பது பேர் குழுவில் கடைசியில் நடப்பவர் வந்து சேர்வதற்குள் விளக்கம் பாதி முடிந்திருக்கும். 15 பேருக்குக் குறைவு என்றால் சேரலாம்.

தனி கைடு. இரண்டு, மூன்று மணி நேரத்துக்குச் சுமார் 150–200 யூரோ; நபர் கணக்கு இல்லை, குழுக் கணக்கு. இருவர் போனால் பெரிய தொகை, ஆறு பேர் குடும்பத்துக்கு வாசல் குழுவின் விலைக்கு அருகில் வந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. எந்த ஆடியோ கைடிலும் தமிழை எதிர்பார்க்க முடியாது. ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாத அம்மாவோ மாமனாரோ கூட வந்தால், தனி கைடு இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்த, வீட்டில் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். குழுவில் அது நடக்காது. பெரியவர்கள் மூன்று மணி நேரம் சும்மா வெயிலில் நடந்துவிட்டு வருவார்கள். உரிமம் பெற்ற கைடு படத்தோடு கூடிய அடையாள அட்டை அணிந்திருப்பார். கேட்டால் காட்டுவார்.

ஆடியோ கைடு. பொம்பேயியில் 10 யூரோவுக்குள் முடியும். ஹெர்குலேனியத்தில் இதுவே போதும். பொம்பேயியில் எண்ணைத் தேடியே நேரம் போகும், மூடிய வீட்டுக்கு மாற்றாக எங்கே போவது என்று அது சொல்லாது.

ரோமிலிருந்து பேருந்துச் சுற்றுலா. பன்னிரண்டு மணி நேரப் பயணம், இடிபாட்டுக்குள் இரண்டு மணி நேரம். சில பேருந்துகள் வழியில் பவளம், சங்கு நகைக் கடையிலும் நிற்கும். ரயில் மாறிப் போகவே முடியாதவர்களுக்கு மட்டும்.

‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்று விற்கும் டிக்கெட்டால் தப்புவது டிக்கெட் வரிசைதான். பை சோதனை வரிசையில் எல்லோரும் நின்றே ஆக வேண்டும். இணையத்தில் எடுத்த சாதாரண டிக்கெட்டுக்கும் இதே சலுகைதான். பொம்பேயி நிலையத்தில் இறங்கியதும் ‘டிக்கெட் இங்கே’ என்று அழைக்கும் கூடாரங்கள் அரசுடையவை அல்ல.

18 வயதுக்கு உட்பட்ட எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இந்த மூன்று இடங்களிலும் நுழைவு இலவசம். சுற்றுலா நிறுவனம் குழந்தைக் கட்டணம் கேட்டால் அது கைடுக்கா, நுழைவுக்கா என்று பிரித்துக் கேளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்குமே இலவசம். மிச்சமாகும் கட்டணத்துக்காக அன்று பொம்பேயிக்குப் போகாதீர்கள். ஓஸ்தியாவுக்குத் தாராளமாகப் போகலாம்.

## லட்சுமியைத் தேடுகிறவர்களுக்கு

பொம்பேயி என்றதும் நம்மவர்கள் கேட்பது 1938ல் அங்கே கிடைத்த இந்தியத் தந்தச் சிலையை. லட்சுமி என்றே பெயர் நிலைத்துவிட்டாலும் யட்சி என்பதுதான் அறிஞர்கள் பலரின் கருத்து. அது பொம்பேயியில் இல்லை; நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முசிறியைப் பற்றியும் மிளகு விலையைப் பற்றியும் எழுதிவைத்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, இதே வெடிப்பில் மக்களை மீட்கக் கப்பலோடு போய் அருகிலுள்ள ஸ்டாபியேயில் இறந்தவர். கறுப்பு மிளகு ஒரு பவுண்டு 4 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று அவர் குறித்த காலத்து ஊர்கள்தான் இவை. காலை ஹெர்குலேனியம், பிற்பகல் இந்த அருங்காட்சியகம் என்று ஒரு நாளைப் பிரித்தால் கனகச்சிதமாக அமையும். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.

## கிளம்புவதற்கு முன்

நேப்பிள்ஸில் சிர்க்கும்வெசுவியானா ரயிலுக்கு எல்லோரும் காரிபால்தி நிலையத்தில் ஏறுவார்கள். பத்து நிமிடம் நடந்தால் அதற்கு முந்தைய நிலையமான போர்த்தா நோலானா. ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது, உட்கார இடம் கிடைக்கும். பழைய பெட்டிகளில் ஏசி இல்லை, ஜேப்படி உண்டு. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். நேப்பிள்ஸ் பகுதியில் இரண்டு இடங்களும் ஒரு அருங்காட்சியகமும் பார்ப்பதாக இருந்தால், கம்பானியா ஆர்த்தேகார்டு என்ற மூன்று நாள் அட்டை ரயிலையும் சேர்த்து லாபமாக இருக்கும். இரண்டு ஊரில் ஒன்று மட்டும் என்றால் தேவையில்லை.

காலில் ரப்பர் அடி போட்ட மூடிய ஷூ. தேய்ந்த எரிமலைக் கல் மழையில் வழுக்கும், வெயிலில் செருப்பின் விளிம்பு இடுக்கில் மாட்டும். பொம்பேயியில் தெருக் குழாய்களில் குடிநீர் வருகிறது, ஆளுக்கொரு காலிப் பாட்டில் போதும். தொப்பி கட்டாயம்.

முந்தைய நாள் இரவு ரயில் அறிவிப்பில் ‘ஷோப்பெரோ’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வேலைநிறுத்தம் என்று பொருள். காலை, மாலை அலுவலக நேரங்களில் மட்டும் சில வண்டிகள் ஓடும், இடையில் ஒன்றும் வராது. அப்படிப்பட்ட நாளில் ஓஸ்தியாவை விட்டுவிடலாம். நேப்பிள்ஸில் இருந்தால் அரசு ரயிலில் புது ஊர்ப் பொம்பேயி நிலையம் வரை போய்க் கிழக்கு வாசலில் நுழையலாம். ஆனால் அரசு ரயிலும் அன்றே நின்றிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நிர்வாகம்.